நாற்றில்லாத வயலும் ராணி கலர் பசுவும்

காஞ்சிபுரத்தில் தண்ணீர் வரவில்லை என்று காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தவர்கள் உண்டு. வந்த தண்ணீர் பக்கத்து வீட்டுக்கு அதிகமாகப் போகிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பேசாமலிருப்பவர்கள் உண்டு. ஆனால், கண்ணெதிரே இருந்த தண்ணீர் காணாமல் போய்விட்டது என்ற காரணத்துக்காகத் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தவர், பல்லவர் காலம் தொட்டு இன்று வரை, ஒரே ஒருவர்தான். நான் சரித்திரம் கொஞ்சம் படித்தவன். தைரியமாகச் சொல்கிறேன்.

அவர் எங்கள் தெரு சாயக்காரர். ரேஷன் கார்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருக்கிறது. ரேஷன் கடைக்காரருக்கே அது தெரியாது. பட்டு நூலுக்குச் சாயம் போடுவது தொழில். முழங்கைக்குக் கீழே அவருக்குச் சொந்த நிறம் கிடையாது. திங்கட்கிழமை மாம்பழம், செவ்வாய்க்கிழமை மயில் கழுத்து என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் யாரோ என்னைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளினார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், முதுகில் கிளிப்பச்சையில் ஐந்து விரல். மறுநாள் போய்க் கேட்டேன்.

"நான் தள்ளலபா. கூட்டம் என்ன தள்ளிச்சு, நான் உன்ன தள்ளினேன். பெருமாள சேவிச்சியா இல்லியா?"

"சேவிச்சேன்."

"அப்பால இன்னாத்துக்கு வந்து கேட்டுக்கினு இருக்கிற?"

என்னை அவர் பஞ்சாங்கம் என்றுதான் கூப்பிடுவார். எந்த மழை எந்தத் திதியில் பெய்தது, எந்த உற்சவத்தில் தேர் எந்த முனையில் நின்றது என்று டைரியில் எழுதி வைக்கிற வழக்கம் எனக்கு உண்டு. அந்த ஒரு குற்றத்துக்காக எனக்கு வைத்த பெயர். பிறகு தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. மற்றவர்களுக்குப் பெயர் வைப்பதிலும் அவர் போடுகிற சாயம் கெட்டி.

சாயப் பட்டறை தெருவில் இல்லை. ஓரிக்கைப் பக்கம், அவர் மனைவி மரகதம் அம்மாவுக்கும் அவருடைய தம்பி தண்டபாணிக்கும் பொதுவில் இருக்கும் நிலத்தின் மூலையில், ஒரு வட்டக் கிணற்றை ஒட்டி இருக்கிறது. நிலத்தில் இரண்டு போகம் நெல். சம்பா அறுத்ததும் மார்கழியில் நவரை நடுவார்கள். நவரைக்குக் கிணற்றிலிருந்து மோட்டார் ஓடு ஓடென்று ஓடும். பங்குனி பிறக்கும்போது கிணற்றில் தண்ணீர் தீர்ந்து தவளை மட்டும் மிச்சம் இருக்கும். மழை நன்றாகப் பெய்த வருஷங்களிலும் இந்தக் கதைதான். சாயக்காரர் அப்போது லாரித் தண்ணீர் வாங்குவார். லாரித் தண்ணீரில் உப்பு. உப்புத் தண்ணீரில் சாயம் சொன்ன பேச்சைக் கேட்காது.

அப்படி ஒரு பங்குனியில், கல்யாணப் புடவைக்கு அரக்கு நிறம் கேட்டிருந்த நெசவாளி ஒருவர், நூலைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, நான் அரக்கு கேட்டேன். இது கருவாட்டுக் கலரு."

"இது புது அரக்குபா. மாலை அரக்கு. சாயங்காலம் பாரு, நல்லா இருக்கும்."

"முகூர்த்தம் காலைல ஆறு மணிக்குண்ணே."

அந்த நூலைத் திரும்ப வாங்கிக்கொண்ட சாயக்காரர் மூன்று நாள் யாரோடும் சண்டை போடவில்லை. உடம்பு சரியில்லையோ என்று தெருவில் விசாரித்தார்கள்.

இது போதாதென்று தண்டபாணிக்கு மனைப் பிரிவு ஆசை வந்தது. நிலத்துக்கு அடுத்த வயலில் மஞ்சள் கல் நட்டு, ஏதோ ஒரு நகர் என்று வளைவு கட்டிவிட்டார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து தண்டபாணியால் நெல்லைப் பார்க்க முடியவில்லை. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன், ஒன்றில் பேசும்போது இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பான். நல்ல பையன்தான். ஐம்பது வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

"அக்கா, கெணத்துல தண்ணியே இல்ல. தண்ணி இல்லாத நெலத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? ஒரு கையெழுத்துப் போட்டுடு."

"அப்ப என் பட்டறை?" என்றார் சாயக்காரர்.

"மாமா, எதுனா ஷெட்டு பாத்துக்கலாம்."

"கெணறு? அதையும் ஷெட்டுலயே தோண்டித் தருவியா?"

இருவரும் ஒரு வாரம் சத்தம் போட்டதில் எங்கள் தெரு மாடுகள் இடம் மாறின. கடைசியில் மரகதம் அம்மா தீர்ப்புச் சொன்னார். அவர் பேசுவது குறைவு. தறியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"இந்த வருசம் ஒரு வாட்டி உங்க மாமா இஸ்டத்துக்கு வுடறேன். பங்குனி உத்திரத்தன்னிக்கு நானே வந்து கெணத்த எட்டிப் பாக்குறேன். தண்ணி இருந்தா கையெழுத்து கெடையாது. சேறு இருந்தா, தம்பி நீட்ற எடத்துல போட்டுடறேன். ரெண்டு பேரும் இப்ப வெளிய போங்க, இழை அறுந்துக்கினே இருக்குது."

ஆக, பட்டறையும் கிணறும் இருக்குமா போகுமா என்பது பங்குனி உத்திரத்தன்று தெரிந்துவிடும். சாயக்காரர் அதற்குள் கிணற்றில் தண்ணீர் கொண்டு வர வேண்டும்.

வழி அவருக்குப் போனில் கிடைத்தது. ஏதோ ஒரு குளிர் தேசம். அறுவடை முடிந்த நெல் வயலில், நடவே இல்லாமல், குளிர்காலம் முழுக்கத் தண்ணீரைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அது மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கி ஊர்க் கிணறுகளில் ஏறுகிறதாம். அந்த வீடியோவை அவர் எனக்குப் பதினைந்து தடவையாவது காட்டியிருப்பார். தொப்பி வைத்த நான்கு பேர் வரப்பில் நின்று சிரித்தபடி ஏதோ பேசினார்கள்.

"என்ன பாஷை அண்ணே இது?"

"பாஷை யாருக்குத் தெரியும். தண்ணி புரியுது இல்ல?"

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. பக்கத்து ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து பாலாற்றுப் பக்கம் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், அறுத்து முடித்த வயலுக்கு அந்தத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பினார் சாயக்காரர். அதற்கு முன்னால் டிராக்டர் விட்டு வயலை நன்றாகச் சேறடித்தும் வைத்திருந்தார். அந்தப் பக்கம் தினமும் காலை நடை போகிறவன் என்பதால் நான் எல்லாவற்றுக்கும் சாட்சி. பக்கத்து நிலத்துக் கன்னியப்பன் வரப்பில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"நாத்து எங்க சாயம்?"

"நாத்து இல்ல."

"வாங்கியாரணுமா?"

"நடவே இல்ல கன்னியப்பா."

"அப்ப தண்ணி எதுக்கு?"

"தண்ணிக்குத்தான் தண்ணி."

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

வயல் கண்ணாடி மாதிரி நின்றது. கொக்கு வந்தது, மீன்கொத்தி வந்தது, மஞ்சள் கல் நகரில் மனை பார்க்க வந்தவர்கள் ஏரிக்கரை மனை என்று நினைத்து முன்பணம் கொடுக்கத் துடித்தார்கள். சாயக்காரர் வரப்பில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்திருந்தார். கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் மனைவியைக் கூட்டி வந்து பெருமையாகக் காட்டினார்.

"பாத்தியாமே? வெச்ச தண்ணி வெச்ச மாதிரியே இருக்குது. ஒரு சொட்டு கொறயல."

மரகதம் அம்மா குச்சியைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"ஒரு சொட்டு கொறயலனா, ஒரு சொட்டு கீழ போகலன்னுதான அர்த்தம்?"

சாயக்காரர் குச்சியைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கன்னியப்பன் அவர் பங்குக்கு எரிகிற அடுப்பில் விறகு வைத்தார். "தண்ணி எறங்காம நிக்கணும்னுதான்யா நாங்க சேறே அடிக்கிறோம். நீ அடிச்சி மெழுகி வெச்சிட்டு எறங்கு எறங்குன்னா எப்டி எறங்கும்? அடியில பாறை மாரி ஒக்காந்துக்கினு இருக்குது."

சேர்த்த தண்ணீரையெல்லாம் அவர் தன் கையாலேயே மடை வெட்டி வெளியே விட்டார். பெண்ணைக் கல்யாணம் செய்து கொடுத்து அனுப்புகிற தகப்பன் முகம். வயல் காய்ந்ததும், ஆழமாகக் கீறுகிற உளிக்கலப்பையை வாடகைக்குக் கொண்டு வந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்தார். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் மறுபடி தண்ணீர் திருப்பினார். ஏகாதசிக்கு ஊரே சொர்க்கவாசலில் நின்றபோது அவர் வரப்பில் குந்தியிருந்தார். துவாதசியன்று விடிந்ததும் தெருவில் ஒரே சத்தம்.

"பஞ்சாங்கம், போச்சுபா. எல்லாம் போச்சு."

நான் பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். கையில் ஜாங்கிரிப் பொட்டலம்.

"பாதித் தண்ணி காணோம். இன்னா திதின்னு எழுதிக்கோ. இந்தா, வாயத் தொற."

அன்றிலிருந்து தை வரை அவர் வேலை இதுதான். தண்ணீர் விடுவார், அது மறையும், சந்தோஷப்படுவார், மறுபடி விடுவார். ஏரியில் உபரி ஓடிய வரை ஓய்வில்லை. வரப்பில் நண்டு வளை தெரிந்தால் நண்டைத் தாயோடு சேர்த்துத் திட்டுவார். "கீழ போடான்னா பக்கவாட்டுல போறான் பாரு, எங்க வீட்டு மச்சான் மாரி."

மச்சான் சும்மா இருப்பானா. ஒரு நாள் வந்து வயலைப் பார்த்தான், கிணற்றைப் பார்த்தான்.

"மாமா, வயல்ல வுட்ட தண்ணி கெணத்துக்குத்தான் போவுதுன்னு எப்டிச் சொல்ற? பாலாத்துக்குப் போயிருக்கும். பூமிக்கடியில பூந்து பார்த்தியா?"

இங்கேதான் மற்றவர்கள் யாரும் செய்ய முடியாத காரியத்தைச் சாயக்காரர் செய்தார். வேறு ஊர்க்காரராக இருந்தால் வாதம் செய்திருப்பார். படித்தவராக இருந்தால் கட்டுரை எழுதியிருப்பார். இவர் பட்டறைக்குள் போய் ராணி கலர் சாயம் ஒரு டப்பா எடுத்து வந்து வயலில் கொட்டிவிட்டார். ராணி கலர் என்பது இளஞ்சிவப்புக்கு வெறி பிடித்தால் வருகிற நிறம். வயலில் விட்ட ராணி கலர் கிணற்றில் வந்து நின்றால் தண்டபாணி வாயடைத்துப் போவான் என்பது கணக்கு.

கன்னியப்பனின் வெள்ளைப் பசு அன்று கயிற்றை அறுத்துக்கொண்டு எதிர் வரப்புப் புல்லுக்காக வயலில் இறங்கியது. நட்ட நடுவில் வழுக்கி உட்கார்ந்தது. எழுந்தபோது, வயிற்றுக்குக் கீழே எல்லாம் ராணி கலர்.

கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். வைக்கோலால் தேய்த்தார்கள், சோப்புப் போட்டார்கள், சீயக்காய் போட்டார்கள். நிறம் இன்னும் பளபளப்பாக வந்தது.

"யோவ், கலரு போவ மாட்டேன்னுதுய்யா."

சாயக்காரருக்கு இதில்தான் கோபம் வந்தது. "எப்டிபா போவும்? என் சாயம் இன்னிக்கு வரிக்கும் எந்தப் பொடவையிலயாவது போயிருக்குதா? கேட்டுப் பாரு ஊர்ல."

அதற்குள் ஓரிக்கை மணிமண்டபத்துக்குப் பக்தர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று ரோட்டில் நின்றது. இறங்கிய அம்மாக்கள் பசுவைச் சுற்றி வந்து வால் பக்கம் குங்குமம் வைத்தார்கள். குங்குமம் வைத்த இடம் தெரியவில்லை. பிள்ளைகள் செல்பி எடுத்தார்கள்.

"இது என்ன ஜாதிப் பசுங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"ராணி" என்றார் சாயக்காரர்.

"பாலும் இதே கலர்தானா?"

"பால் வெள்ளைதாங்க" என்றார் கன்னியப்பன், ஏதோ தப்புச் செய்தவர் போல. பெரியவருக்குப் பெரிய ஏமாற்றம்.

சாயங்காலத்துக்குள் பசு எல்லார் போனிலும் வந்துவிட்டது. வயலில் கண்டதைக் கொட்டுவாயா என்று ஊரில் நாலு பேர் வந்து சாயக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் நியாயம் இருந்தது. இனி ஒரு சிட்டிகைகூடக் கொட்ட மாட்டேன் என்று அவர் கன்னியப்பனின் பசுவைத் தொட்டுச் சத்தியம் செய்தார். கையும் பசுவும் ஒரே நிறத்தில் இருந்ததால் சத்தியம் பொருத்தமாகவே இருந்தது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கிணற்றில் கலர் வரவில்லை. தை அமாவாசை போயிற்று, தைப்பூசம் போயிற்று, கிணற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. தண்டபாணி ஒரு கண்ணாடி டம்ளரில் அதை மொண்டு வந்து, எங்கள் தெருவில் வீடு வீடாகக் காட்டினான்.

"மாமா வெச்ச பரீட்சை. மாமாவே பெயிலு."

சாயக்காரர் வெளியே வரவில்லை. இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"பஞ்சாங்கம், தொட்டியில சாயம் கரைச்சு, பட்ட முக்கி எடுத்துட்டா, தொட்டித் தண்ணி எப்டி இருக்கும்?"

"நல்லா ஏறியிருந்தா தண்ணி தெளிஞ்சிருக்கும்னு நீங்கதான் சொல்வீங்க."

"ஏன்? கலர பட்டு வாங்கிக்கிச்சு, தண்ணிய வுட்டுடுச்சு. மண்ணும் அதாம்பா பண்ணியிருக்குது. கலர புடிச்சிக்கினு தண்ணிய மட்டும் கெணத்துக்கு அனுப்பிச்சிருக்குது."

"அண்ணே, இத சாயம் ஊத்தறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்கலாமே?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "முன்னாடி யோசிச்சிருந்தா பசு எப்டிபா ராணி கலர் ஆவும்?"

இந்த விளக்கத்தைத் தண்டபாணி ஏற்கவில்லை. தெருவும் ஏற்கவில்லை. உள்ளதைச் சொன்னால், நானும் ஏற்கவில்லை. மாசியில் வெயில் ஏற ஏற, சாயக்காரர் கிணற்றுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். நூல் உலர்த்துகிற சாக்கில், பட்டறை வாசலில் நின்று தூரத்திலிருந்து கிணற்றை ஓரக்கண்ணால் பார்ப்பார், பரீட்சை முடிவு ஒட்டிய பலகையைப் பார்க்கிற பையன் மாதிரி. சாயத் தொட்டிக்குத் தண்ணீரைப் பட்டறையில் சேர்த்து வைத்திருந்த பீப்பாயிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

பங்குனி உத்திரம் விடிந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் சாமிக்குக் கல்யாணம். எங்கள் கோஷ்டி ஓரிக்கைக்குப் போனது. மரகதம் அம்மா முன்னால், தண்டபாணி புதுச் சட்டையில் அவர் பக்கத்தில், நான் பின்னால். சாயக்காரர் இன்னும் பின்னால். கன்னியப்பன் அங்கேயே இருந்தார். அந்தக் கிணறு ஆழம். காலை வெயில் உள்ளே விழாது. கும்மிருட்டு. போன் விளக்கு அடித்தாலும் அடி வரை எட்டாது. நாலு பேர் எட்டிப் பார்த்தும் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"சேறுதாங்கா. நல்லா பாரு, கருப்பா தெரியுது இல்ல?" தண்டபாணி அக்காவுக்குக் காட்டுவதற்காக இன்னும் கொஞ்சம் குனிந்தான். சட்டைப் பையிலிருந்த இரண்டு போனில் ஒன்று நழுவியது.

அந்த ஒரு கணத்தை நான் மறக்க மாட்டேன். தண்டபாணி உட்பட, எல்லார் காதும் கிணற்றுக்குள் இருந்தது. சேற்றில் விழுந்தால் 'சொத்' என்று கேட்கும். ஒவ்வொரு பங்குனியிலும் வாளி விட்டு வாளி விட்டு அந்தச் சத்தம் எங்களுக்கு மனப்பாடம்.

'பொளக்' என்றது.

அதுவும் சாதாரணப் பொளக் இல்லை. நிதானமான, வசதியான பொளக். அதற்குப் பின்னால் அலை கிணற்றுச் சுவரில் மோதுகிற சத்தம்.

சாயக்காரர் அதற்குப் பிறகுதான் கிணற்றடிக்கு வந்தார். தண்டபாணி புதுச் சட்டையைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு, சுவரில் பதித்த கல்படிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினான். உள்ளே போகப் போக அவன் குரல் பெரியதாயிற்று, ஆள் சிறுத்துக்கொண்டே போனான். பிறகு ஒரு தொப்.

"மச்சான், தண்ணி இருக்குதா?" என்று சாயக்காரர் குனிந்து கேட்டார்.

"...இருக்குது."

"கேக்கல. சத்தமா சொல்லு, பஞ்சாங்கம் எழுதிக்கணும்."

"இருக்குது மாமா. கழுத்துக்கு இருக்குது."

"யார் கழுத்துக்கு?"

"என் கழுத்துக்குத்தான் மாமா. என்ன மேல தூக்கு மாமா."

"கலரு எதுனா தெரியுதா பாரு."

மரகதம் அம்மா கணவரைத் தள்ளிவிட்டுக் கயிற்றை உள்ளே போட்டார். "தண்ணி இருக்குது. கையெழுத்து கெடையாது. மேல வாடா, சளி புடிச்சிக்கும்."

ஒரு விஷயத்தை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தண்டபாணி தலை துவட்டிக்கொண்டே ஒரு வாதம் வைத்தான். நவரை நடாததால் மோட்டார் ஓடவில்லை, அதனால் மிச்சமான தண்ணீர்தான் இது, வயலில் நிறுத்திய தண்ணீர் இல்லை என்றான். அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் நவரை நட்டிருந்த கன்னியப்பனின் கிணற்றிலும், எந்த வருஷமும் இல்லாதபடி, அந்தப் பங்குனியில் வாளி மூழ்கியது. இதைக் கன்னியப்பன்தான் மெதுவாகச் சொன்னார். பசு விஷயத்தில் அவருக்கு இன்னும் வருத்தம் இருந்ததால், சாயக்காரரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

சாயக்காரர் ஒரு வாளித் தண்ணீர் சேந்தி, முகத்தைக் கழுவிக்கொண்டார். அவ்வளவு நேரம் கழுவுகிற முகம் இல்லை அது. நாங்கள் எல்லாரும் கன்னியப்பனின் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு வந்த மார்கழிகளில் நிலத்தில் பாதி நவரை, பாதி வெறும் தண்ணீர் என்று அக்காவும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். இந்த மார்கழியில் சாயக்காரர் ஊரில் இல்லை. முழங்கால் வைத்தியத்துக்காக ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். வயலுக்குத் தண்ணீர் திருப்புவது தண்டபாணியின் பொறுப்பு. மாமாவைத் திட்டிக்கொண்டே செய்கிறான், ஆனால் செய்கிறான். ஆனாலும் தினமும் விடிந்ததும் எனக்குப் போன் வருகிறது.

"மச்சான் சொல்றத நம்ப முடியாது. நீ போய்ப் பாத்துட்டுச் சொல்லு."

மப்ளரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்துச் சொல்கிறேன். நேற்று வரப்பு ஓரம் ஓர் இடத்தில் கசிந்தது. மண்ணை அள்ளிப் போட்டு அடைத்துவிட்டேன் என்றேன்.

"மிதிச்சியா?"

"மிதிச்சேன்."

"செருப்போடவா?"

"கழட்டிட்டுத்தாண்ணே மிதிச்சேன்."

அந்தப் பக்கம் திருப்தியாக ஒரு 'ம்' கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டார்.

அவர் இல்லாமல் தெரு ரொம்ப அமைதியாக இருக்கிறது. பெயர் சொல்லித்தான் எல்லாரும் எல்லாரையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. சீக்கிரம் வந்து சேருங்கள் என்று நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.